பொய் என்றால் பயம்

கவுகாத்தி வண்டி இன்றைக்கும் லேட்.
காட்பாடி ஜங்ஷன் வாசலில்
பதினோரு ஆட்டோ, ஒரு நாய்,
பார்சல் ஆபீஸ் சுவரோரம்
ஞானாதிக்கம் சார் உட்காரும் சிமென்ட் பெஞ்ச்.
பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.
மரியாதை என்று சொல்லமாட்டேன்;
ஈரமாக இருக்கிறது.

எனக்கு அவர் வாத்தியார் இல்லை.
நான் படித்தது விருதம்பட்டில்,
அதுவும் ஏழு வரைக்கும்.
எனக்கு அவர் இடைஞ்சல்.

எழுபத்தொன்று சண்டையில்
இடது காதை எல்லையிலேயே விட்டுவிட்டு
வங்காளி பாஷையைக் கொண்டுவந்தவர்.
அப்புறம் இருபத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியார்.
ரிட்டையரான மறுநாள் விடியற்காலை
இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்து நின்றார்,
எங்கள் பிழைப்புக்குக் குறுக்கே.

எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்து
மூன்று நாள் தூங்காத கண்ணோடு இறங்குவார்கள்:
மால்டா, சில்சார், அகர்தலா.
பெரிய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.
அறுநூறு என்போம். சில நாள் எண்ணூறு.
சார் அவர்கள் பாஷையில் உள்ளே புகுந்து
இருநூறுதான் என்பார்,
பாலாறு தாண்டினால் ஆஸ்பத்திரி,
மேலே ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்பார்.

அவரிடம் எங்களுக்குப் பெயர் கிடையாது.
"நாலாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு!"
பட்டாளமும் பள்ளிக்கூடமும் கலந்த குரல்.
"உள்ளேன் ஐயா" என்று கத்துவேன், நக்கலாக.
செவிட்டுக் காதுப் பக்கம் நின்று
வேறு சிலதும் சொல்லியிருக்கிறேன்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஜெபமாலை.
காது கேட்காதவர் ஜெபம் ஊருக்கே கேட்கும்.
நேரத்துக்கு வந்தால் ஐம்பத்து மூன்று மணி,
லேட் என்றால் நூற்றைம்பத்து மூன்று.
எங்கள் ஏழுமலைக்கு மங்கள வார்த்தை மனப்பாடம்.
திருப்பதி வரிசையில் நிற்கும்போது
வாய் தவறி வந்துவிட்டதாம்.

பிலோமினா அம்மா இறந்த அன்று மட்டும் வரவில்லை.
மறுநாள் வந்தார். ஷூவில் கல்லறைச் செம்மண்.

ஒருமுறை என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார்.
ஏழு நாள் என் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது.
ஐந்தாம் நாள் சாயங்காலம் வாசலில் சைக்கிள்,
கேரியரில் வின்சென்ட் தே பால் சபை அரிசி, பத்துக் கிலோ.
உள்ளே வரவில்லை.
"தண்டனை உனக்கு. அரிசி பிள்ளைங்களுக்கு.
ரெண்டையும் சேத்துக் கூட்டாதே."
இன்னும் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.
விடை ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது.

பிறகு எங்களுக்கே வகுப்பு எடுத்தார்,
அந்தப் பெஞ்சில், சிக்னல் விழும் வரைக்கும்.
எக், துய், தீன்.
கொதோ என்றால் எவ்வளவு.
பொய் என்றால் பயம்.
"பொய் பாபேன் நா. பயப்படாதீங்கன்னு அர்த்தம்.
இத மொதல்ல சொல்லு. வாடகை அப்புறம்."
பொய் சொல்லாதே என்றுதான்
எனக்குக் கேட்டது, கடைசிவரை.

போன மாதம் அடக்கம்.
மூவர்ணக் கொடி, மெடல் குத்திய கிழவர்கள்,
சாமியாரின் சாம்பிராணி.
என் கையிலும் ஒரு பிடி மண் கொடுத்தார்கள்.
"நீங்க சாருக்கு என்ன வேணும்?" என்றது ஒரு பெண்.
வாயில் வந்தது வண்டி நம்பர்.

மூன்று நாற்பது. வந்துவிட்டது.
மழையில் ஒரு அம்மா, தோளில் மகள்,
முடி கொட்டிய சின்னத் தலைமேல் பிளாஸ்டிக் பை.
கொதோ? என்கிறாள்.
பொய் பாபேன் நா என்கிறேன்.
என் உச்சரிப்புக்குக் குழந்தை சிரிக்கிறது.
இருநூறு என்று வாயெடுத்து
இருநூற்று இருபது என்கிறேன்.

மழை, சார்,
கேஸ் விலையும் ஏறிப்போச்சு, என்கிறேன்
பெஞ்சைப் பார்த்து,
வலது காதுப் பக்கமாக நின்று.