பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன

கச்சேரிப் பயிற்சி மண்டபம். மூன்று மின்விசிறியில்
ஒன்றுதான் சுற்றுகிறது, அதுவும் முனகி முனகி.
மேசைக்கு மேசை அதே ஆறு பக்கம்:
விடய ஆய்வு, இலக்கம் நான்கு.
‘தீவகத்தில் ஒரு பிரதேச செயலகம். ஆவணி வறட்சி.
பவுசர் ஒன்று, ஆறாயிரம் லீற்றர்.
கேட்கும் ஊர்கள் இரண்டு.
அலுவலர் திரு. ப. மூன்று மணிக்குள் முடிவெடுக்க வேண்டும்.’

திரு. ப. நான்தான்.
பெயரை மாற்றியவர்கள் என்னை ஆணாகவும் மாற்றிவிட்டார்கள்.
கடைசி வாங்கில், பிளேன்ரீ ஆற ஆற,
என்னைப் பற்றி வாசிக்கிறேன்.

முதல் குழு சனத்தொகையால் பெருக்கிப் பார்க்கிறது.
இரண்டாவது, கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்கிறது.
வாகீசன் எழும்பி,
தவிசாளரின் தொலைபேசி அழைப்பு
ஏன் பின்னிணைப்புக்குள் போனது என்கிறான். கெட்டிக்காரன்.
வெண்பலகையில் சமத்துவம் என்று ஒருவர் எழுத
வினைத்திறன் என்று அதற்கு மேலேயே
இன்னொருவர் எழுதுகிறார்.
‘திரு. ப. ஒரு கோழை’ — மூன்றாம் குழு.
நான் ரோல்ஸிலிருந்த மிளகாயை
ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

ஆறாம் பக்கம் மூன்று மணியோடு முடிகிறது.
எனக்கு மூன்றே காலும் தெரியும்.

பண்ணைப் பாலம் தாண்டி,
அல்லைப்பிட்டிக்கு இந்தப் பக்கம், ரயர் வெடித்தது.
சாரதி மரியநேசன் இறங்கிச் சில்லைப் பார்த்தார்.
மேற்றிச் சில்லு இல்லை. என்னை அழைத்தார்;
நான் கூட்டத்தில் இருந்தேன், எடுக்கவில்லை.
குழாயைத் திறந்துவிட்டார்.
பட்டியலிலேயே இல்லாத பன்னிரண்டு வீடுகள்
குடத்தோடும் சட்டியோடும் ஓடிவந்தன.
ஒரு பெடியன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தான்.
கேட்ட இரண்டு ஊருக்கும்
அன்றைக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

கோப்பில் எழுதினேன்:
‘கள நிலைமையைக் கருத்திற்கொண்டு தீர்மானிக்கப்பட்டது.’
கையொப்பம். திகதி. றப்பர் முத்திரை.
அந்த ஒரு வரியை நம்பித்தான்
இந்த மண்டபம் காலை ஒன்பதிலிருந்து சண்டை பிடிக்கிறது.

யன்னலோரம், போன மாதம்தான் நியமனம் கிடைத்தவள்,
மெல்லக் கேட்டாள்:
‘மிஸ், சாரதியை ஆரும் கேட்டவையோ?’

விரிவுரையாளர் தாள்களைப் புரட்டினார்.
சாரதி ஐந்தாம் பக்கத்தில் ஒருதரம் வருகிறார்,
எரிபொருள் செலவுக்குக் கீழே,
மேலதிக நேரக் கொடுப்பனவாக.

என் கை எப்போது எழும்பியது?
‘ஓம், பின்வாங்கில் இருக்கிறவ,’ என்றார் அவர்,
‘முதல்ல உங்கட பேரைச் சொல்லிப்போட்டுச்
சொல்லுங்கோ.’