குறை எழுதும் கட்டம்

லிங்கராஜபுரத்தில் எங்கள் அடுக்ககத்துக் கார் நிறுத்தும் தளம்.
மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு
பிங்பாங் மேசையின் வலையைக் கழற்றிவிட்டு
பழைய போர்வை விரிப்போம்.
ஐந்தரைக்குப் பிள்ளைகள் மட்டையோடு வந்துவிடுவார்கள்.
அதற்குள் எல்லாரும் காட்டிவிட வேண்டும்.

நன்றாக வந்திருக்கிறது என்று எவரும் தொடங்குவதில்லை.
முதலில் குறை.
யாரும் கேட்காமலே விரல் நேராக அங்கே போகும்:
இங்கே பாருங்கள், ரம்பம் வழுக்கிவிட்டது.
இந்த மயிலுக்கு ஒரு இறகு கம்மி,
குக்கர் விசிலுக்குப் பலி.

ரேவண்ணா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்,
எங்கள் மாதிரிப் படங்களைக் காசில்லாமல் பெரிதாக்கித் தருவார்.
சில்வர் ஓக்கில் ஒரு டவுன் பஸ் செய்திருந்தார்.
ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள்.
ஓட்டுநருக்குத் தலை ஒடிந்துவிட்டதாம்,
கழுத்து வரைக்கும் தேய்த்துவிட்டேன், என்றார்,
பஸ் போகும், கவலைப்படாதீர்கள்.

என்னுடையது வாசல் பலகை.
மைசூர் ரோடு மரக்கடையில் எடைக்கு வாங்கிய தேக்கு.
துளை போட்டு, நூல் போன்ற பிளேடை உள்ளே நுழைத்து
எழுத்தையே ஓட்டையாக வெட்டினால்
'வ'வின் வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது
என்பது வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.
பொட்டென்று விழுந்து வாஷிங் மெஷினுக்கு அடியில் ஓடிவிட்டது.
டார்ச் அடித்துத் தேடி,
பின்னால் பிளைவுட் கொடுத்து ஒட்டியிருக்கிறேன்.
கொஞ்சம் சாய்வுதான்.
கன்னடத்துக்கும் இதே தலைவலி, மேடம்,
எல்லா எழுத்துக்கும் வயிறு, என்றார் ரேவண்ணா.
நடுவில் ஒரு பாலம் விட்டிருக்கணும்.

டென்சில் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.
எதைக் கொடுத்தாலும் திருப்பி
கட்டைவிரலால் தடவிப் பிசிர் தேடுவார்.
எலஹங்காவில் முப்பது வருஷம்
ரயில் சக்கரங்களைத் தட்டிப் பார்த்த கை.
நோட்டும் அவரிடம்தான், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது:
பெயர், மரம், பிளேடு நம்பர், எத்தனை மணி நேரம்,
கடைசியில், எல்லாவற்றையும்விட அகலமாக, குறை.

ஷபீனா அன்று தாமதமாக வந்தாள்.
எக்ஸ்ரே எடுப்பவள்.
பகலெல்லாம் நான்கு மொழியில்
மூச்சைப் பிடிங்க, மூச்சைப் பிடிங்க என்று சொல்லிவிட்டு
வீட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் தானே பிடித்துக்கொள்வதாக
ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.
செய்தித்தாளைப் பிரித்தாள்.
மார்புக்கூடு.

வெளிறிய மரம், அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன்.
விலாக்களுக்கு நடுவில் இருந்ததெல்லாம் விழுந்துபோய்
விலாக்கள் மட்டும்.
ஒரு ஸ்கூட்டர்மேல் சாய்த்து வைத்தாள்.
சரிவில் இறங்கிய வெயில் அதற்குள் புகுந்து
எதிரே நின்ற ரேவண்ணாவின் சட்டையில் கோடு போட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குறையும் சொல்லவில்லை.
எங்களுக்குக் கை அரித்தது.

டென்சில்தான் கண்டுபிடித்தார். இடப்பக்கம் ஏழாவது விலா,
மயிரிழை விரிசல்.
பிளேடு மாட்டும்போது ஆகியிருக்கும், என்றார் ரேவண்ணா ஆறுதலாக.
ரேகைக்குக் குறுக்கே வெட்டினால் அப்படித்தான், என்றேன் நான்,
'வ'வின் வயிற்றைத் தொலைத்தவள்.

அது என் கை இல்லை, என்றாள்.
வரும்போதே இருந்தது.

யார் வரும்போது?
கேட்க எல்லாருக்கும் வாய் இருந்தது.
டென்சில் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.
நோட்டை எடுத்து
குமிழ மரம், இரண்டாம் நம்பர், நாற்பத்தாறு மணி நேரம் என்று எழுதிக்கொண்டே போய்
கடைசிக் கட்டத்தில்
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

லிஃப்ட் கதவு. பிள்ளைகள்.
ஐந்து இருபதுதான் ஆகிறது, இன்னும் பத்து நிமிஷம் என்றோம்.
கேட்கிற ஜாதியா.
ஆண்ட்டி, இது வாசிக்கிறதா? என்றான் ஒரு பொடியன்.
பதிலுக்கு நிற்காமல்
மட்டையின் விளிம்பை மேலிருந்து கீழாக இழுத்தான்.
டொக், டொக், டொக்,
ஏழாவதில் மட்டும் ஒரு கரகரப்பு,
பிறகு மறுபடி டொக்.

நாங்கள் அசையாமல் நின்றோம்.
ம், மூச்சு விடலாம்,
என்றாள் ஷபீனா.

போர்வையை உதறி மடித்தோம்.
வலையின் ஒரு திருகைக் காணவில்லை.
தேடிக்கொண்டிருக்கிறோம்.