மடைமாற்று

முதல் முறை வீட்டில்.
இரண்டாம் முறை நூக்குஸிலிருந்து வந்த ரயிலில்.
மூன்றாம் முறை தாஷ்கண்ட்டில், என் வார்டில்,
எனாமல் பேசின் நிறைய.
அவர் மனைவி ஐசானெம் துண்டுகளை எண்ணி வைத்திருந்தாள்:
பதினொன்று நனைந்தவை, இரண்டு மிச்சம்.

உணவுக்குழாயின் அடியில் புடைத்த நாளங்களுக்கு
ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தோம்.
போட்ட இடம் ஆறும்.
பக்கத்தில் இன்னொன்று புடைக்கும்.

ஓதெஷ் முப்பத்தோரு வருஷம் கால்வாய் மதகுக்காரர்.
அவரிடம் சுற்றிவளைக்க வேண்டியிருக்கவில்லை.
கேஸ் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன்:
இது கல்லீரல், கல்லாகிவிட்டது.
உள்ளே போகமுடியாத ரத்தம் தொண்டைப் பக்கம் ஏறி
கரையை உடைக்கிறது.
மண்ணீரல் நாளத்தை அறுத்து
இடது சிறுநீரக நாளத்தில் தைத்துவிடுவேன்.
வெள்ளம் அந்த வழியே வடியும்.

பேனாவை வாங்கிக்கொண்டார்.
"மதகு எங்கே?"

மதகு இல்லை.
திறந்தால் திறந்ததுதான்.

கொஞ்ச நேரம் என் கோட்டையே பார்த்தார்.
"பருத்திக்கு என்று எங்கள் ஆற்றையும்
இப்படித்தான் ஒருவர் தாளில் திருப்பினார்.
எங்கள் கடைமடையில் ஒரு கடல் இருந்தது, டாக்டர்.
உங்கள் கடைமடையில் என்ன இருக்கிறது?"

மூளை, என்றேன்.
கல்லீரல் அலசாத ரத்தம் கொஞ்சம் அங்கே போகும்.
எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணி நேரம்.
கணையத்தின் பின்னால் அந்த நாளம்
நனைந்த சிகரெட் தாள்போல இருந்தது.
தலைமுடியைவிட மெல்லிய நூல்.
ஒரு தையல் கிழிந்தது, திரும்பப் போட்டேன்.
கிளாம்பை எடுத்தபோது
நர்ஸ் ரைஹோன் மூச்சை நிறுத்தியது முகமூடியில் தெரிந்தது.
சிறுநீரக நாளம் கருத்து, பருத்து,
என் விரலடியில் அதிர ஆரம்பித்தது.
நான் ஒரு வார்த்தை சொன்னேன்;
நல்ல வார்த்தை இல்லை.

பதினான்கு மாதமாக ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஐசானெம் வியாழக்கிழமைகளில் போன் செய்கிறாள்.
கைகளை நீட்டச் சொல்,
கொடியில் துணி படபடப்பதுபோல் ஆடுகிறதா?
சில நாள் ஆடுகிறது.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பதில் நின்று சிரிக்கிறார்.
விருந்தில் ஆட்டுக்கறித் தட்டு
அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போகிறது.
அவருக்கு ஒரு கரண்டி இனிப்பு மருந்து.

போன வாரம் இரவு மூன்று மணிக்கு எழுந்து
வீட்டுக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டாராம்.
அந்நேரம் தண்ணீர் வராது.
சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தார்,
இன்று கடைமடையின் முறை என்று.

ஆறு மணிக்கு வந்தது.
சமையலறை, வராந்தா, கம்பளம்.
உப்புத் தண்ணீரில் கால் நனைய நின்று பேசுகிறாள்:

"எல்லாவற்றையும் மூடிவிட்டேன், டாக்டர்.
ஒன்றை மட்டும் விடச் சொல்கிறார்.
விட்டிருக்கிறேன்."