நாலு விரற்கடை

மசாஃபி தாண்டி, மலை விரிசல் விட்ட இடத்தில்
ஓர் ஆறு வேண்டும் என்றார்கள்.
முதலில் குழாய் வந்தது, அப்புறம் மோட்டார்,
கரை, கரைக்குக் கூழாங்கல்,
கடைசியில் தண்ணீர்.
காலை ஏழுக்கு ஓடத் தொடங்கி
மக்ரிப் பாங்குக்கு நின்றுவிடும்.
டூட்டி ஆறு என்று பேர் வைத்தான் செபமாலை.
பக்கத்திலேயே நிஜ வாதி வறண்டு கிடந்தது.
வருஷத்தில் இரண்டு நாள் ஆளையே அடித்துப் போகுமாம்.
நாங்கள் பார்த்ததில்லை.

மரம் எஸ்தோனியாவிலிருந்து.
மூன்று கன்டெய்னர், இருநூற்றுப் பன்னிரண்டு தடி,
பட்டை உரிக்காமல், நெற்றியில் எண் குத்தி.
கதவைத் திறந்ததும் இருமல் மருந்து வாசனை.
டேக் பகதூர் மட்டும் ஒரு சிராயைக் காதில் செருகிக்கொண்டு
அன்று முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை.

"காட்டில் வெட்டி அங்கேயே அடுக்கினது போல இருக்கணும்.
ஆள் செய்தது தெரியக்கூடாது."
அர்பாபின் மகன் ஹுமைத் சொன்னது இது.
சொல்லிவிட்டு எங்களுக்கு ஒரு பெட்டி ஜூஸ் இறக்கினான்.

எண்பத்தேழாம் தடியைக் காணோம்.
துறைமுகத்துக்குப் போன் போட்டார்கள்,
எஸ்தோனியாவுக்கு மெயில் போட்டார்கள்,
பிறகு கான்கிரீட்டில் ஊற்றிவிட்டார்கள்.
மொக்லேஸ் அதற்குப் பட்டை வரைந்தான்,
கணு வரைந்தான்,
கணுவோரம் ஒரு எறும்பும் வரைந்தான்.
எறும்பை அழிக்கச் சொன்னார் இன்ஜினியர் விஜோ.

வெயில் ஏற ஏற மரம் பிசினாய் அழுதது.
டீசல் போட்டுக் கழுவியும் விரல் பிசுபிசுப்பு போகவில்லை.
கேம்ப் வாசலில் கைரேகை மெஷின்
என்னை யாரென்றே தெரியாது என்றது.
தெற்குச் சுவர் முழுக்க நான் அடுக்கிய வாரம்
எனக்கு மூன்று நாள் ஆப்சென்ட்.

வழிகாட்டிப் புத்தகத்தில் எழுத்தே கிடையாது, படம்தான்.
பதினாலாம் பக்கத்தில் ஒரு கதவு.
கதவுக்கு மேலே வெற்றிடம்,
அதில் கீழ்நோக்கி ஓர் அம்பு.
இரண்டு ராத்திரி அந்த அம்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
பச்சை மரம். காயும். குறுக்கில் சுருங்கும்.
ஒன்றின் மேல் ஒன்றாய் அத்தனையும் சுருங்கினால்
கூரையே இறங்கும்.

நிலைக்கு மேல் நாலு விரற்கடை விட்டேன்.
"என்னடா ஓட்டை?" என்றார் விஜோ.
"வீடு உட்காரும் சார்."
"அது எப்பய்யா நின்னுச்சு?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
ஆனாலும் இடைவெளியில் கம்பளி திணித்து
மேலே பலகை ஒன்றை ஒப்புக்கு அடித்து வைத்தேன்.

அக்டோபரில் கூப்பிட்டார்கள்.
விருந்தாளிகள் வருகிறார்கள், கதவு பிடிக்கிறதாம்.
இழைப்புளியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போனேன்.
பலகையைக் கழற்றிக் கைவிட்டுப் பார்த்தால்
ஒரு விரல்தான் நுழைந்தது.
மூன்று வருஷத்தில் இறங்க வேண்டியது
ஒரு கோடையில் இறங்கியிருக்கிறது.
தெற்குச் சுவரில், இடுப்புயரத்தில்,
கட்டிப்போன பிசின் ஒரு சொட்டு.
அதற்குள் ஒரு பெருவிரல் ரேகை, சுழி உட்பட.
யாருடையது என்று எனக்குத் தெரியும்.
பட்டையோரமாய் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

எண்பத்தேழு மட்டும் இறுக்கமாகவே இருந்தது.
சிமென்ட் எதற்குச் சுருங்கும்?
அதன் மூலையில் மற்ற தடிகள் இறங்கிப்போக
ஒரு கோடு வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.
அடைக்கலாம் என்று தார்க்கயிறு எடுத்தேன்.
ஹுமைத் தடுத்தான்:
"அதை மட்டும் விடு. அதுதான் அசலா இருக்கு."

கதவை இழைத்தேன். ரெண்டு சீவல் போதும்,
காற்றுக்கே திறந்தது.
சீவலை ஆற்றில் போட்டேன்.
வளைவு வரை போய், வடிகட்டியில் மாட்டி,
அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பாங்கு கேட்டது. மோட்டார் நின்றது.
தண்ணீர் சத்தம் போனதும்தான்
அந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது,
சுவருக்குள் எங்கோ, டக்கென்று,
வேலை முடிந்தவன் முட்டி மடக்குவது போல.

செபமாலை வண்டியில் ஹார்ன் அடித்தான்.
உட்கார இடமில்லை. 
மசாஃபி வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.