பதினேழுக்கு ஐம்பத்து மூன்று

சங்காட் ஜோங்கில்
ஹுவாட் செங் டயர் கடைக்கு மேல்மாடியில்
என் கணக்கு டியூஷன்.
கீழே காற்றுத் துப்பாக்கி நட்டைக் கழற்றும்போதெல்லாம்
மேலே நான் பாதிச் சொல்லில் நிற்பேன்.
அதனாலோ என்னவோ
பலகையில் வட்டம் போடுவதை விட்டுவிட்டு
பழைய டயர் ஒன்றை இரவல் கேட்டேன்.

டயரைச் சுற்றிய ராஃபியா கயிற்றை
அதன் குறுக்கே மடித்து மடித்து வைத்தோம்.
மூன்று முறை போய்
கொஞ்சம் மிஞ்சியது.
"அந்தக் கொஞ்சந்தான் முடியவே முடியாதாமே, டீச்சர்?"
லோஷினி.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

விகிதத்துக்கு வந்தபோதுதான் வம்பு.
மோட்டார் சங்கிலி.
முன்னால் பதினான்கு பல், பின்னால் முப்பத்தைந்து.
ஏழால் வகுத்து
இரண்டுக்கு ஐந்து என்று அடிக்கோடிட்டேன்.
யுகனேஷ் கை தூக்காமலே கேட்டான்:
"ரெண்டு பல்லுல எந்த மோட்டார் டீச்சர் ஓடும்?"
வகுப்பே சிரித்தது. நானும்.
படியிறங்கும்போது
எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை, செம்பனை ஆலையின் பின்புறம்.
எடைமேடையில் வேலை பார்க்கும் யுகனேஷின் அம்மா
காவலரிடம் பேசி எட்டுப் பேரை உள்ளே விட்டார்.
வெந்த குலையின் வாடை. தரையெல்லாம் வழுக்கல்.
கழற்றிப் போட்டிருந்த இரண்டு பல்சக்கரங்களை
ஃபிட்டர் திலக் தாமாங்
அச்சில் மாட்டித் தந்தார்.
எண்ணினோம். பதினேழு. ஐம்பத்து மூன்று.
எதனாலும் வகுபடவில்லை.
"இப்படி யாராவது வைப்பாங்களா?"
அவர் மலாயில் ஒரே சொல் சொன்னார்:
தேய்மானம்.

சின்னதில் ஒரு பல், பெரியதில் அது தொடும் பள்ளம்,
இரண்டிலும் சாக்பீஸ் குறி.
லோஷினி சுற்றினாள்.
மூன்றாம் சுற்றில் கிட்ட வந்து
இரண்டு பல் தள்ளிப்போனது.
பிறகு வரவேயில்லை.
எண்ணிக்கை தப்பி, சண்டை பிடித்து,
மறுபடி ஒன்றிலிருந்து...
ஐம்பத்து மூன்றில்
குறியும் குறியும் தொட்டுக்கொண்டன.

இருபதுக்கு அறுபது என்றால்
மூன்று சுற்றுக்கொரு தரம் அதே பல், அதே அடி.
இதில்
உடைந்த பல் ஒன்று இருந்தாலும்
அதன் கடி எல்லாருக்கும் பங்கு.

அடுத்த சோதனையில்
'எளிய வடிவில் எழுதுக' என்பதற்கு
யுகனேஷ் இரண்டுக்கு ஐந்து என்றே எழுதியிருந்தான்.
ஓரத்தில், பென்சிலில்: மோட்டார் ஓடாது.

விடைக்கு முழுப் புள்ளி.
ஓரத்துக்குப் புள்ளி போடக் கட்டமில்லை.
சிவப்புப் பேனாவால்
ஒரு வட்டம் மட்டும் போட்டேன்.
கைவட்டம்.
முனை சேரக்
கொஞ்சம் மிஞ்சியது.