பாலத்தில் நிற்கும் கார்

தேத்தாத்தீவில் ஒரே முறுக்கில் எழும்பும்.
களுதாவளை, களுவாஞ்சிக்குடிச் சந்தை நெரிசல்,
ஓர் இருமல் கூட இல்லை.
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில் ஏறினால்
தும்மும். இரண்டு தரம் குலுங்கும்.
மறுகா நிற்கும்.
பின்னால் அக்கரைப்பற்று பஸ்
ஹோர்னாலேயே என்னை ஏசும்.

வீச்சு வலையைப் பாலத்துக் கம்பியில் போட்டுவிட்டு
கணவதியர் வருவார்.
முதல் கிழமை "என்ன மிஸ்?" என்றார்.
மூன்றாம் கிழமை ஒன்றும் கேட்கவில்லை.
செதில் ஒட்டிய உள்ளங்கைகளை டிக்கியில் பதித்து
இறக்கம் மட்டும் தள்ளிவிட்டு
வலைக்குத் திரும்புவார்.
இருபது நிமிடம் போனால்
ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்,
கள்ளக் கார்.
பின்னேரம் வரும்போதும் அதே பாலம்.
காத்தவராயன் கதை மாதிரி
பாலத்தில் ஏதோ இருக்கிறது என்றாள் அக்கா.
எலுமிச்சம்பழம் வைத்தும் ஓடினேன்.

கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள் நான்.
காய்ச்சல் என்றால் பெனடோல்;
என்ன காய்ச்சல் என்பது பிறகு.
அப்படித்தான் அவர்களும் மாற்றினார்கள்.
பிளக் நாலு. கொயில். பொயின்ற்.
ஜப்பான் சாமான் என்று சொல்லி
பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பெற்றோல் பம்ப்.
ஒருவர் காபரேட்டரைக் கழற்றி
மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார்,
பிள்ளையைப் போல, மூக்கையெல்லாம் ஊதி.
எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு
"இனிப் பறக்கும்" என்றார்கள்.
பறந்தது, பாலம் மட்டும்.

மருதமுனை ஆதம்லெவ்வை பொனற்றைத் திறக்கவில்லை.
முன் சீற்றில் ஏறி இருந்தார்.
"நோயாளி நல்லா இரிக்கக்குள்ள பாத்து என்ன?
ஓட்டு புள்ள. அந்தப் பக்கம் வேணா, தெக்கால."
"பாலம் வடக்கால..."
"தெரியும்."

காரைதீவுச் சந்தியில் நின்றது.
ஆறு இல்லை, பாலம் இல்லை,
ஒரு வெற்றிலைக் கடையும் இரண்டு ஆடும்.
மீற்றரைப் பார்த்தார். எட்டும் கொஞ்சமும்.
என் வீட்டிலிருந்து பாலத்துக்கும் எட்டுச் சொச்சம்,
ஆஸ்பத்திரியிலிருந்தும் அப்படித்தான்.
ஏழு வருடம் போய்வந்த வழி,
ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிறகுதான் பொனற்றைத் திறந்தார்.
சோடாப் போத்தலில் பெற்றோல், ஒரு ரியூப்,
நேராகக் காபரேட்டருக்கு.
போத்தலை ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடித்தபடி
வந்தார், சேலைன் பிடிக்கிற அற்றெண்டன் மாதிரி.
சாய்ந்தமருது. கல்முனை. பாண்டிருப்பு.
பெரியநீலாவணையிலும் அது நிற்கவில்லை.
"எஞ்சினில ஒண்டுமில்ல.
அதுக்குச் சாப்பாடு போகல்ல."

ரேங்கை இறக்கிக் கவிழ்த்தார்.
கலங்கல், துருத்தூள்,
கடைசியாக, வெட்கப்பட்டு வருவதைப் போல,
உள்ளங்கை அளவில் ஒரு சொப்பின் பேக் துண்டு.
ஓட ஓட உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டும்.
நின்றால் இழுப்பு விட்டுக் கழன்று மிதக்கும்.
நாலு கராஜ் கண்டுபிடிக்காதது
பூப்போல இருந்தது, பிங்க் நிறத்தில்.

வரிசைக் காலம்.
களுவாஞ்சிக்குடிச் செற்றில் இரண்டாம் இரவு,
கரண்ட் இல்லை, எனக்கு விடிய டியூட்டி.
"ஆஸ்பத்திரியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
சொப்பின் பேக்கைச் சுருட்டிப் புனலாக்கி
ஒன்றரை லீற்றர் ஊற்றிவிட்டுப் போனது.
காசு வாங்கியதா? ஞாபகம் இல்லை.
நன்றி சொன்னேனா, அதுவும்.

துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
ஏதோ ஒரு கடையின் பெயர் இருந்த இடம்.
பெற்றோல் எல்லா எழுத்தையும் தின்றிருந்தது.
"எறியட்டா?" என்றார் ஆதம்லெவ்வை.
எறியச் சொன்னேன்.
எறிந்த பிறகு
எறிந்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

அடுத்த நாள் பாலத்தில் ஏறும்போது
என் கால் தானாகத் தளர்ந்தது.
கார் தளரவில்லை.
கணவதியர் வலையைக் கம்பியில் போட்டார்.
கைகளைச் சாரத்தில் துடைத்தார்.
இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஹோர்ன் அடித்தேன்.

பின் கண்ணாடியில்,
தள்ளுவதற்கு நீட்டிய கைகளோடு
கொஞ்ச நேரம் நின்றார்.