பதினொன்றேகால் டிகிரி

திங்கட்கிழமை மேசைக்கு வந்த வரைபடத்தில்
புழல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து
மேல்நிலைத் தொட்டிவரை
ஒரே கோடு. சிவப்பு.
யாரோ ஸ்கேலை வைத்து, மூச்சை அடக்கி,
ஒரே இழுப்பில் இழுத்தது.

கோட்டுக்கு அடியில் முப்பத்தெட்டு உட்பிரிவு எண்கள்.
எண்களுக்குக் கூரை இல்லை, கதவில்லை,
வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில்லை.
மேலே ‘பொது நோக்கம்’ என்று ஒரு முத்திரை.
அதற்கு மட்டும் நல்ல மை.

புதன்கிழமை சங்கிலிக்காரர் வேலாயுதமும் நானும்
கோட்டின் மேலேயே நடக்கப் பார்த்தோம்.
ஒரு பீரோ குறுக்கே நின்றது. பிறகு ஒரு தொட்டில்.
நைலான் கொடியில் பள்ளிச் சீருடை
எங்கள் மையக்கோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மாவுக்கடை ஜெபக்கனி
கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
“தண்ணி வரும்னு சொல்றீங்க.
இடிச்சப்புறம் எந்த வீட்டுக்குங்க வரும்?”
வேலாயுதம் டேப்பைச் சுருட்டினார்.
என் கையில் அறிக்கை இருந்தது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் இந்தக் கேள்வி இல்லை.

அன்றிரவு ஸ்கேலை இழுப்பறைக்குள் போட்டேன்.
நெடுஞ்சாலையின் இடது ஓரம்,
மழைநீர் வடிகாலுக்கும் மின்கேபிளுக்கும் நடுவே
இரண்டேகால் மீட்டர் கிடந்தது,
யார் பட்டாவிலும் இல்லாத மண்.
அதற்குள் போய்த் திரும்ப
பதினொன்றேகால் டிகிரியில் நான்கு வளைவு,
இருபத்திரண்டரையில் இரண்டு,
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கூடுதல் குழாய்.

“வளைச்சா அழுத்தம் குறையுமே மேடம்” என்றார் செயற்பொறியாளர்.
குறையும்தான்.
வளைவுக்கு வளைவு நீர்
விரலளவு உயரத்தை விட்டுக்கொடுக்கும்.
எல்லாம் கூட்டினால் என் இடுப்புயரம்.
‘அதற்காகப் பம்பு கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்’ என்று எழுதி,
அடித்துவிட்டு,
‘கூடுதல் மின்செலவு, ஆண்டுக்கு’ என்று மாற்றினேன்.
எதிர்ப் பத்தியில் இழப்பீடு, வட்டி,
வழக்கு மன்றத்தில் குழாயில்லாமலே ஓடும் வருடங்கள்.

நெடுஞ்சாலைத் துறை: இரவு பதினொன்று முதல் ஐந்துவரை மட்டும் தோண்டலாம்.
மின்வாரியம்: கேபிள் வரைபடம் கிடைக்கவில்லை.
வடிகால் பிரிவு: கடிதத்தை மீண்டும் அனுப்புக.
ஏழு மாதம்.
முப்பத்தெட்டு ஒன்பதானது. ஒன்பது நான்கானது.
கடைசியில் ஒன்று.
அதைச் சுற்ற வழியில்லை.
ஒருபக்கம் தண்டவாளம், மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர்.

டூவீலர் மெக்கானிக் துரைக்கண்ணுவின் கொட்டகை.
எடுக்கவில்லை. கேட்டோம்.
நிலம் அவருடையதாகவே இருக்கும்.
ஒன்றரை மீட்டர் ஆழத்தில்
போக மட்டும் எங்களுக்கு வழி.
ரசீதின் பின்பக்கம் அவரும் எழுதினார்:
ஒன்பது நாளில் மூடணும்.
ஷெட்டை இருந்த மாதிரி நிறுத்தணும்.
கொய்யாவைத் தொடக் கூடாது.

இருபத்துமூன்று நாளாயிற்று.
தினமும் காலை போன் செய்தார்.
தினமும் எடுத்தேன்.
அதற்குமேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.
கொய்யாவில் ஒரு கிளை போனது.
அதற்கும் தொகை கொடுத்தோம்.
எண்ணி வாங்கினார், பேசவில்லை.

எத்தனை வளைத்தாலும்
நீர் நேராகப் போகத்தான் முட்டும்.
அந்த முட்டலைத் தாங்க
வளைவின் வெளிப்பக்கம் ஒரு கான்கிரீட் கட்டை வேண்டும்.
சோதனை இரவில் டார்ச்சோடு இறங்கி
ஆறு கட்டைகளையும் தடவிப் பார்த்தேன்.
ஈரமில்லை.

ஜெபக்கனி வீட்டுக்கு இணைப்பு இன்னும் வரவில்லை.
கேன் தண்ணீரில்தான் மாவு அரைபடுகிறது.
‘நிலுவையில்’ என்கிறது கணினி.
நேற்று கூப்பிட்டார், திட்டத்தான்.
திட்டி முடித்து முகவரி சொன்னார்:
“பழைய நம்பர் ஏழு, புது நம்பர் பதினாலு,
பச்சைக் கதவு.
எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டேன்.